வீட்டில் வைத்துப் பூட்டிய துப்பாக்கி

சாய்ஞ்சாம்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ கதை கட்டிச் சொல்வார்கள். அதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டாம். உண்மை அதைவிட மோசம்.

அந்த ஊர்க்காரர்களிடம் இரண்டு நல்ல குணங்கள் உண்டு. விவரம் தெரிந்தவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். இம்மி கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். இன்னொன்று, எந்த வேலையையும் தனியாகச் செய்ய மாட்டார்கள். ஒருவன் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால், யார் பிடிப்பது, எந்தப் பக்கமாகப் போய்ப் பிடிப்பது என்று கூடிப் பேசி முடிப்பதற்குள் அந்த ஆடு பக்கத்து ஊருக்குப் போய்க் குட்டி போட்டுக் குடும்பத்தோடு திரும்பி வந்திருக்கும்.

அந்த ஊரில் பெத்தண்ணன் என்றொரு இளவட்டம். மலையடிவாரத்தில் அவனுக்கு ஒரு சின்னத் தோட்டம், அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கொடிக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் அடைமழையிலும் பனையோலைக் குடையைப் பிடித்துக்கொண்டு குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுவான். அப்படி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், வரப்பு வழியாக நனைந்துகொண்டே போன பேச்சி என்ற பெண் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பக்கத்து ஊர்க் கொம்பையாவின் மகள். அவள் எதற்குச் சிரித்தாள் என்று அவன் யோசிக்கவே இல்லை. சிரித்தாளே, அதுவே போதும். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கொம்பையாவிடம் போய்ப் பெண் கேட்டான். கொம்பையா மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னார்:

"உன் தோட்டத்துப் பக்கம் காட்டுப்பன்னி இறங்குதாமே. நான் ஆயுத பூசைக்கு மறுநாள், விஜயதசமி அன்னிக்கு வந்து பார்ப்பேன். கிழங்கு மண்ணுக்குள்ள இருந்தா பேச்சி உனக்கு. பன்னி வயித்துக்குள்ள இருந்தா நான் வேற இடம் பார்த்துக்குவேன்."

பன்றி விஷயம் உண்மைதான். ஏற்கெனவே ஒரு மூலையைக் கிளறிவிட்டுப் போயிருந்தன. பெத்தண்ணன் நாட்டாமை உடையப்பரிடம் ஓடி அழுதான். உடையப்பர் இளகிய மனசுக்காரர். உடனே ஊரின் பலசாலி வீரணனையும், ஒரு தடவை பட்டணம் போய்வந்த மூக்கையாவையும் சேர்த்துக்கொண்டு, நால்வருமாக ஜமீனின் ஆயுதக் கொட்டடிக்குப் போனார்கள். பன்றியை விரட்டக் குடியானவர்களுக்குத் துப்பாக்கி கொடுக்கும் வழக்கம் அந்த ஜமீனில் இருந்தது.

கொட்டடிக்காரர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரப் போனவர். ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து தொப்பென்று போட்டார். உள்ளே துப்பாக்கி துண்டு துண்டாகக் கிடந்தது.

"சுத்தம் பண்ணக் கழட்டினது. பூட்ட எனக்கு நேரமில்ல, நீங்களே பூட்டிக்குங்க. சொல்றதைக் கவனமாக் கேட்டுக்குங்க. வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுங்க, வெளியே தூக்கிட்டு அலையாதீங்க. சுத்தமான வெள்ளைத் துணி விரிச்சு அதுமேல வைங்க. கருவி ரொம்ப முக்கியம். கைக்கு அடக்கமா இருக்கணும். திருப்புளி வாங்கினா, திருகாணி தலையில ஒரு வெட்டு இருக்கு பாருங்க, அது எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் முனை இருக்கணும். அளந்து வாங்குங்க. எங்கயாவது இறுகிக்கிட்டா இரும்பால அடிச்சிடாதீங்க, மெத்துன்னு இருக்கிறதால தட்டுங்க. குழலை யார் முகத்துக்கு நேராவும் நீட்டாதீங்க. முடிச்சதும் நல்லா எண்ணெய் தேய்ச்சு வைங்க."

"மருந்து, குண்டு?" என்று கேட்டான் மூக்கையா.

"அதெல்லாம் விஜயதசமி கழிச்சு நான் வந்து தர்றேன். இப்ப போங்க" என்று சொல்லி அவர் திண்டில் சாய்ந்துவிட்டார்.

நால்வரும் சொன்னதையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு மனசில் ஏற்றிக்கொண்டு, வாயைத் திறந்தால் வெளியே விழுந்துவிடும் என்று பயந்து வழியெல்லாம் பேசாமலே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

உடையப்பர் வீட்டுக் கூடத்தில் கோணி இறங்கியது. முதல் காரியம் வெள்ளைத் துணி. சாய்ஞ்சாம்பட்டி செம்மண் பூமி. வெள்ளையாக நெய்த துணியும் அங்கே ஒரு வாரத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஊர் முழுக்கத் தேடிப் பார்த்ததில் சுத்தமான வெள்ளைத் துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அன்று காலை சலவையிலிருந்து வந்து, அப்போது உடையப்பரின் இடுப்பில் இருந்தது.

"வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துட்டு வேற கட்டிக்கலாமே" என்றான் மூக்கையா.

கூடமே அதிர்ந்துபோனது. "நாட்டாமை வேட்டியை அவுக்கச் சொல்றியா? இதுதான் நீ பட்டணத்துல கத்துக்கிட்ட லட்சணமா?" என்று வீரணன் அடிக்கப் போனான். கடைசியில் உடையப்பரே பெருந்தன்மையாகத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். அவர் மடிமேல் துப்பாக்கியின் துண்டுகளைப் பரப்பினார்கள். குளிர்ந்த இரும்பு வயிற்றில் பட்டதும் அவருக்குக் கூசியது. ஆனாலும் ஊருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அடுத்தது திருப்புளி. இங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. திருகாணியின் வெட்டை அளந்துதான் வாங்க வேண்டும். ஆனால் துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கொல்லன் பட்டறையோ ஊருக்கு அந்தப் பக்கம்.

"ஒரு நூலால அளந்து எடுத்துட்டுப் போவோம்" என்றான் மூக்கையா.

"நூல் இழுத்தா நீளும். விரல் நீளுமா?" என்று படுத்தபடியே கேட்டார் உடையப்பர்.

பெத்தண்ணனின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் திருகாணி மேல் வைத்து, வெட்டு எவ்வளவோ அவ்வளவு இடைவெளி விட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். ஓர் எள்ளு நுழையும் இடம் இருந்தது. "இதை அப்படியே கொண்டுபோய்க் கொல்லன்கிட்டக் காட்டு. விரலை அசைச்சியோ, கல்யாணம் அசைஞ்சுடும்" என்றார் நாட்டாமை. பெத்தண்ணனுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. கோயில் விளக்கை ஏந்திப் போகிறவனைப் போல அவன் கையை முன்னால் நீட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். முகத்தில் ஈ உட்கார்ந்தது, விரட்டவில்லை. நாய் குரைத்தது, கல் எடுக்கவில்லை. நெஞ்சு மட்டும் பேச்சி, பேச்சி என்று அடித்துக்கொண்டது.

குளத்தங்கரைத் திருப்பத்தில் எதிரே கொம்பையாவே வந்தார்.

பெத்தண்ணன் நின்றுவிட்டான். வருங்கால மாமனாரைக் கும்பிட வேண்டும். கும்பிட்டால் அளவு போய்விடும். கும்பிடாவிட்டால் பெண் போய்விடும். நீட்டிய விரல்களை அப்படியே அவருக்கு முன்னால் கொஞ்சம் உயர்த்தி, தலையை மட்டும் தாழ்த்தினான்.

கொம்பையா அந்த விரல்களைப் பார்த்தார். இரண்டு விரலைச் சேர்த்தாற்போல் நீட்டிக்கொண்டு ஒருவன் தலைகுனிந்து நின்றால், பொடி போடுகிற மனுஷருக்கு வேறென்ன தோன்றும்? "கேக்கிறதுக்கு என்ன வெக்கம், மாப்ளே?" என்று பொடி மட்டையைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து அவனுடைய மூக்கிலேயே வைத்தார். மாப்பிள்ளை என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் அவனும் ஆழமாக மூச்சை இழுத்துவிட்டான்.

அவன் போட்ட தும்மலில் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. கண்ணைத் திறந்து பார்த்தால் எள்ளு நுழைந்த இடம் ஒரு சாண் ஆகியிருந்தது. பெத்தண்ணன் கொஞ்ச நேரம் விரலைப் பார்த்தபடியே நின்றான். பிறகு, அளவை விரலிடம் ஒப்படைத்தாயிற்று, இனி விரல் காட்டுவதுதான் அளவு, அதைச் சந்தேகப்பட நாம் யார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நடந்தான்.

"முனை இவ்வளவு அகலம் வேணும்" என்று பட்டறையில் சாண் விரலைக் காட்டினான்.

கொல்லன் பார்த்தான். "இந்த அகலத்துக்கு என்கிட்ட மண்ணு வெட்டுற மம்பட்டிதான் இருக்கு."

"அதால திருப்ப முடியுமா?"

"எதை?"

"துப்பாக்கியை."

கொல்லன் கொஞ்சம் யோசித்தான். மம்பட்டியால் ஓங்கி ஒரு போடு போட்டால் துப்பாக்கி என்ன, துப்பாக்கிக்காரனே திரும்பிவிடுவான் என்று அவனுக்குத் தோன்றியது. "தாராளமா" என்று எடுத்துக் கொடுத்தான்.

மம்பட்டியோடு அவன் திரும்பி வந்தபோது உடையப்பர் படுத்த இடத்திலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்திருந்தார். வேலை தொடங்கியது. குழலை யார் முகத்துக்கு நேராகவும் நீட்டக் கூடாது அல்லவா? துண்டுகளைக் கையில் எடுத்தால் குழல் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் கண்டது? எனவே எல்லாரும் துப்பாக்கிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையைப் பின்னால் விட்டுத்தான் பூட்டுவது என்று முடிவாயிற்று. உடையப்பரால் திரும்ப முடியாது, அவர்தானே துணி. அவர் முகத்தை முறத்தால் மூடினார்கள்.

வீரணன் முதுகுக்குப் பின்னால் மம்பட்டியைக் கொண்டுபோய்த் திருகாணியின் வெட்டுக்குள் நுழைக்கப் பார்த்தான். அது நுழையவில்லை. முறத்துக்கு அடியிலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி முயன்றான். மறுபடியும் "ஐயோ."

"மம்பட்டி பெரிசா இருக்கு" என்றான் மூக்கையா.

"மம்பட்டி அளந்து வாங்கினது" என்று முறம் பேசியது. "திருகாணி அளந்து வாங்கினதா?"

"இல்லீங்க. அது தானா வந்தது" என்றான் பெத்தண்ணன்.

"அப்ப குத்தம் திருகாணி மேலதான்."

குற்றம் யார் மேல் என்று தெரிந்த பிறகும் திருகாணி திரும்பவில்லை. வீரணனுக்குக் கோபம் வந்தது. கட்டைவிரல் நகத்தை அந்த வெட்டில் வைத்து ஒரு திருகு திருகினான். காளை மாட்டுக் குளம்பு மாதிரி நகம் அவனுக்கு. திருகாணி சரசரவென்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கொட்டடிக்காரர் சொன்ன லட்சணம் அத்தனையும் அந்த நகத்தில் பொருந்தியிருந்தது. முனை வெட்டுக்குச் சரியாக இருந்தது. கைக்கு அடக்கமாகவும் இருந்தது, கையிலேயே இருந்தது. அதைவிட அடக்கமான கருவி வேறு ஏது?

குழலைத் தோளில் வைக்கிற மரக்கட்டையோடு சேர்க்கிற இடம் இறுகிக்கொண்டது. இரும்பால் அடிக்கக் கூடாது, மெத்தென்ற பொருளால்தான் தட்ட வேண்டும். தலையணையைப் பார்த்தார்கள், கைக்கு அடக்கமாக இல்லை. பஞ்சைப் பார்த்தார்கள், அடக்கமாக இருந்தது, ஆனால் கனம் இல்லை. அந்த நேரம் பார்த்து உடையப்பரின் மனைவி கேப்பைக் களி கிண்டி உருட்டி வைத்திருந்தாள். மெத்தென்று இருந்தது, கைக்கும் அடக்கம், கனமும் உண்டு. வீரணன் ஓர் உருண்டையை எடுத்துத் தட்டினான். நாலு தட்டில் கருவி தட்டையாகிவிட்டது. கெட்டுப்போன கருவியை வீணாக்காமல் சாப்பிட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான். சட்டி காலியாகும்போது குழலும் கட்டையும் எப்படியோ கவ்விக்கொண்டன. உடையப்பரின் மனைவி சட்டியைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் இனிமேல் துப்பாக்கியே சமைக்கட்டும் என்று கோபித்துக்கொண்டு போனாள்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கட்டை எந்தப் பக்கம் இருக்க வேண்டும், குழல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். முதுகுக்கு எப்படித் தெரியும்? தோளில் வைத்தால் கட்டை முன்னாலும் குழல் பின்னாலுமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி பூட்டிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர்களுக்கு அது ரொம்ப அழகாக இருந்தது.

கடைசியாக எண்ணெய். நல்லா எண்ணெய் தேய்க்கச் சொன்னார் அல்லவா? சாய்ஞ்சாம்பட்டியில் எண்ணெய் தேய்த்தால் தேய்த்ததோடு விடுகிற வழக்கம் இல்லை. நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சியில் வைத்து, உடம்பெல்லாம் சூடு பறக்கத் தேய்த்து, ஊற வைத்து, சீயக்காய் போட்டு வெந்நீர் ஊற்றினார்கள். துவட்டினார்கள். ஈரம் குழலுக்குள் நின்றால் சளி பிடிக்கும் என்று சாம்பிராணி போட்டார்கள். புகை குழல் வழியாக மெல்ல வெளியே வந்ததும் "வெடிச்சுடுச்சு" என்று கத்திக்கொண்டு எல்லாரும் குப்புற விழுந்தார்கள். யாருக்கும் காயம் இல்லை என்று தெரிந்ததும் அந்தத் துப்பாக்கி மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது. இவ்வளவு பக்குவமாக வெடிக்கிற துப்பாக்கியை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்றான் வீரணன்.

மறுநாள் ஆயுத பூசை.

அன்றைக்குக் கருவி எதையும் தொட்டு வேலை செய்யக் கூடாது என்பது எல்லா ஊருக்கும் உள்ள வழக்கம். சாய்ஞ்சாம்பட்டியில் அதை எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடத்தில் பலகை போட்டுத் துப்பாக்கியைச் சாத்தினார்கள். மம்பட்டிக்குச் சந்தனம் வைத்தார்கள். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் வந்தன. அப்போது உடையப்பருக்கு ஒரு நியாயம் உதித்தது.

"துப்பாக்கியைத் திருகினது எது? வீரணன் நகம். அப்ப அது கருவிதானே?"

"கருவிதான்" என்றார்கள்.

வீரணனைப் பலகை ஓரத்தில் உட்கார வைத்து, கட்டைவிரலை நீட்டச் சொல்லி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சுற்றினார்கள். அளவெடுத்த பெத்தண்ணனின் இரண்டு விரல்களும் அப்படியே. விரிப்பாக இருந்த உடையப்பரும் கருவிதான் என்று அவரே தீர்ப்புச் சொல்லி, வயிற்றில் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு துப்பாக்கிக்குப் பக்கத்தில் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் பூசையைக் கலைக்கும்வரை கருவி அசையக் கூடாது. பசித்தால் யாராவது வாயில் பொரி போட வேண்டும்.

"நான்?" என்றான் மூக்கையா. "நான் எவ்வளவு யோசனை சொன்னேன். என் வாயும் கருவிதானே?"

உடையப்பர் கண்ணை மூடி யோசித்தார். "நீ சொன்ன யோசனையில ஒண்ணையாவது நாம பயன்படுத்தினோமா?"

"இல்லீங்க."

"பயன்படாதது எப்படிக் கருவியாகும்? உன் வாய் சும்மா கிடக்கிற வாய்."

மூக்கையாவுக்கு மனசு உடைந்துபோனது. பூவும் இல்லாமல் பொட்டும் இல்லாமல் ஓரமாக நின்றான்.

பொழுது சாயும் வேளையில் பேச்சியே ஓடிவந்தாள். புல்லறுக்க மலையடிவாரம் போனவள். "பன்னி இறங்குது! தோட்டத்துல யாரும் இல்லையா?" என்று வாசலில் நின்று கத்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். நாட்டாமை பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தார். வீரணன் கட்டைவிரலுக்கு மாலை போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைத்தவன் இரண்டு விரலில் குங்குமத்தோடு அவளைப் பார்த்துக் கண் கலங்கினான்.

"எழுந்து வாங்களேன்!"

"கருவியைத் தொடக் கூடாது, பேச்சி. நாளைக்குக் காலையில வந்துடறேன்" என்றான் பெத்தண்ணன். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக் காலையில் கொம்பையா வந்து பார்க்கும்போது அங்கே குழிதான் இருக்கும். இவள் வேறு யாருக்கோ சிரிக்கப் போய்விடுவாள். அந்த நினைப்பை அவனால் தாங்கவே முடியவில்லை.

"நாட்டாமை, துப்பாக்கி வேண்டாம், நகம் வேண்டாம். சும்மா கிடக்கிறது ஒண்ணு இருக்கே!" என்று அலறினான். "மூக்கையா வாய்!"

உடையப்பர் ஒரு கண்ணைத் திறந்தார். "அது கருவி இல்லைன்னு தீர்ப்பாயிடுச்சு. அதனால தாராளமாப் பயன்படுத்தலாம்."

மூக்கையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தான். பெத்தண்ணன் பொட்டு வைத்த விரல்களை அசையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினான். தோட்டத்து வரப்பில் நின்று, வாழ்நாளெல்லாம் யாரும் கேட்காத அந்த வாயைத் திறந்து, மூக்கையா "டுமீல்!" என்றான். அப்படியொரு டுமீலை அந்த மலை கேட்டதில்லை. பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இரண்டாவது டுமீலுக்கு அவை நிற்கவில்லை. குட்டிகளோடு மலையேறி அந்தப் பக்கமே இறங்கிவிட்டன. ஒரு கொடிகூட அறுபடவில்லை. பெத்தண்ணன் மூக்கையாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான்.

விஜயதசமி காலையில் கொம்பையா வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில் கிளறிக் கிழங்கைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பேச்சி உனக்குத்தான்" என்றார். பெத்தண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கொம்பையா, "பன்னியை விரட்டின துப்பாக்கியை நானும் ஒரு தடவை பார்க்கட்டுமே" என்றார்.

வீட்டுக்குள் வைத்துப் பூட்டி முடித்தாயிற்று, இனி வெளியே எடுக்கலாம் என்று பூசையைக் கலைத்து எடுத்துவந்தார்கள். வீரணன் தோளில் வைத்தான். கட்டை மலையைப் பார்த்தது. "யார் முகத்துக்கும் நேரா இருக்கக் கூடாது. மாமா, நீங்க பத்திரமாப் பின்னால நின்னுக்குங்க" என்று பெத்தண்ணன் அவரை மரியாதையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வீரணனுக்குப் பின்னால், குழலுக்கு நேராக நிறுத்தினான். வீரணன் கையசைத்தான். மூக்கையா "டுமீல்!" என்றான்.

கொம்பையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து விழுந்தார்.

"மாமா!" என்று பெத்தண்ணன் பாய்ந்தான்.

"கூப்பிடாதே, மாப்ளே. நான் செத்துட்டேன்" என்றார் கொம்பையா.

"அவர் பேசுறாரே. மூச்சு விடுறாரே. துப்பாக்கியில மருந்தே இல்லையே" என்றான் மூக்கையா.

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குழல் என் பக்கம் இருந்ததை என் கண்ணால பார்த்தேன். சத்தத்தை என் காதால கேட்டேன். இவ்வளவுக்கும் அப்புறம் சாகாம நிக்கிறதுக்கு நான் என்ன மரியாதை தெரியாதவனா?"

நியாயமாகத்தான் பட்டது. உடையப்பர் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "தகப்பன் செத்தா அந்த வீட்டுல ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் கிடையாதே!"

பெத்தண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வருஷம்! பன்றியிடமிருந்து மீட்ட கல்யாணத்தைத் துப்பாக்கி தின்றுவிட்டது. செய்தி கேட்டுப் பேச்சி வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். "இவருக்கு எப்ப உயிர் வரும்? உலை வைக்கணும்" என்று கேட்டாள்.

"ஒரு வழி இருக்கு" என்றார் உடையப்பர். "துப்பாக்கியைப் பூட்டினதாலதானே சுட்டது? அதைக் கழட்டிட்டா சுடலைன்னு ஆயிடும்ல?"

எல்லாருக்கும் உயிர் வந்தது, கொம்பையாவைத் தவிர. அவரை ஒரு கட்டிலில் கிடத்தி நாட்டாமை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். துப்பாக்கியை வெளியில் வைத்துக் கழற்றலாமா என்று கொட்டடிக்காரர் சொல்லவில்லை. உடையப்பர் விரிப்பாகப் படுத்தார். முறத்தால் முகத்தை மூடினார்கள். வீரணன் முதுகைக் காட்டி உட்கார்ந்து நகத்தால் திருகினான். ஒவ்வொரு துண்டு கழன்றதும் பெத்தண்ணன் "மாமா, ஏதாவது தெரியுதா?" என்று கேட்டான்.

"வலது கால் வந்துடுச்சு" என்றார் கொம்பையா. குழலைக் கழற்றியதும் இடது காலும் வந்தது. விசை கழன்றதும் இடுப்பு வந்தது, எழுந்து உட்கார்ந்தார். வலது கை வந்ததும் முதல் காரியமாகப் பொடி போட்டுக்கொண்டார். தும்மினார். ஊரே சந்தோஷத்தில் கைதட்டியது.

கடைசித் திருகாணி மட்டும் அசையவில்லை. வீரணன் பலம் கொண்ட மட்டும் திருகினான். நகம் முறிந்தது. மம்பட்டியை வைத்துப் பார்த்தார்கள். முறத்துக்கடியில் "ஐயோ" கேட்டதுதான் மிச்சம்.

"மாமா, இன்னும் என்ன வரணும்?"

கொம்பையா தம்மை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். இடது கை மட்டும் மடியில் துவண்டு கிடந்தது. "இது போனது போனதுதான்" என்றார்.

உடையப்பர் முறத்தை விலக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "தகப்பன் செத்தாத்தான் ஒரு வருசம். கை செத்தா எவ்வளவுன்னு நம்ம ஊருல யாரும் சொல்லி வைக்கல. கல்யாணம் நடக்கலாம். ஆனா தீட்டுப்பட்ட கை பந்தலுக்குள்ள வரக் கூடாது."

அப்படியே நடந்தது. பந்தலின் ஓரத்தில் தென்னங்கீற்றை ஒரு கை நுழைகிற அளவுக்கு விலக்கினார்கள். கொம்பையா உள்ளே உட்கார்ந்து, வெள்ளைத் துணி சுற்றிய இடது கையை வெளியே நீட்டிக்கொண்டு, வலது கையாலேயே மகளைப் பிடித்துக் கொடுத்தார். பெத்தண்ணன் தாலி கட்டினான். பேச்சி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

மொய் எழுதி, வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்களெல்லாம் பந்தலைச் சுற்றிக்கொண்டு போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையைத் தொட்டுத் துக்கம் விசாரித்தார்கள். அவர்களில் ஒரு கிழவர் அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் தேம்பித் தேம்பி அழுதார். உள்ளேயிருந்து, பாயசத்தை உறிஞ்சுகிற சத்தத்துக்கு நடுவே, கொம்பையாவின் குரல் கேட்டது:

"என்ன பண்றது பெரியவரே, சாகிற வயசா அதுக்கு? வலது கைக்கு இருக்கிற வயசுதானே!"